வார்த்தைகளைக் கொடுத்தவள்

மைக் அக்காவுக்கு அந்த ஊரில் முகம் கிடையாது, குரல் மட்டும்தான். காய்கறிக் கடையில் வரிசையில் நிற்கும்போது அவளை யாரும் ஏறிட்டும் பார்க்கமாட்டார்கள். "தக்காளி ஒரு கிலோ" என்று வாயைத் திறந்தால் போதும், கடையே திரும்பும். "தக்காளி எந்தப் பிளாட்பாரத்துல வருதுக்கா?" என்று கடைக்காரர் சீண்டுவார். "வந்தாச்சு, பாதி அழுகிப்போய் வந்திருக்கு" என்று அவளும் சளைக்காமல் சொல்வாள்.

ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற வேலை அவளுடையது. சேர்ந்தது என்னவோ தட்டச்சு செய்யத்தான். அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்ட ஒரு நாள், "நீ கொஞ்சம் படிச்சு விடேன்மா" என்று மேலதிகாரி அவளை மைக்கின் முன்னால் உட்கார வைத்தார். அந்த மனுஷனுக்குத் தொண்டை சரியாகிவிட்டது, நாற்காலிதான் திரும்பக் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் மைக் அக்காவுக்கு இன்றைக்கும் கொஞ்சம் சங்கடம், கொஞ்சம் பெருமை.

அந்தக் குரலில் கோபமும் இருக்காது, குழைவும் இருக்காது. ரயில் வந்தாலும் ரத்தானாலும் ஒரே குரல். ஜனங்கள் அந்தக் குரலை நம்பினார்கள். தண்டவாளத்தில் எதுவுமே தெரியாதபோதும் அவள் 'வந்துகொண்டிருக்கிறது' என்றால் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வார்கள்.

பிறகு இயந்திரம் வந்தது. மெத்தை ஒட்டிய சுவர்களுக்குள் அவளை உட்கார வைத்து வார்த்தை வார்த்தையாகப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு வார்த்தையையும் மூன்று விதமாகச் சொல்ல வேண்டும். வாக்கியத்தின் முதலில் வந்தால் எப்படி, நடுவில் வந்தால் எப்படி, முடிவில் வந்தால் எப்படி என்று. முதலில் வரும்போது கொஞ்சம் எழும்ப வேண்டும், நடுவில் ஓட வேண்டும், முடிவில் இறங்கி நிற்க வேண்டும். அப்படிக் கொடுத்துவிட்டால் இயந்திரம் எந்த வார்த்தையை எதனோடு கோத்தாலும் தையல் தெரியாது. அவளைப்போல அதைச் செய்ய ஆள் கிடையாது என்று ஒலிப்பதிவு செய்தவர்களே அசந்துபோனார்கள். அந்தப் பெருமையோடு அவளை வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

வீடு நிலையத்துக்குப் பக்கத்துத் தெரு. ஓய்வு பெற்ற பிறகும் அவள் குரல் காலை முதல் ஜன்னல் வழியாக வந்துகொண்டேயிருந்தது. அவள் காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடந்தபோது வெளியே அவளே திடமாகப் பேசினாள். அவளுடைய அம்மா செத்த அன்று, கூடத்தில் உடலைக் கிடத்தி அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுகையில், வடக்கே போகும் வண்டி புறப்படத் தயாராக இருப்பதாகவும் அவளே சொன்னாள். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீ போய்ச் சேந்தாலும் எனக்கு நிம்மதி கிடையாது போலிருக்கே" என்பார் அவள் வீட்டுக்காரர். சரக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அவளுக்கு என்னவோ சிரிப்பு வராது.

ஒரே மகன். தலைநகரத்தில் வேலை. நாலு வருஷத்துக்கு முன் ஒரு விடுமுறையில் ஒரு நண்பனை வீட்டுக்குக் கூட்டிவந்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், பேச்சில் மரியாதை தெரிந்தவன். அவள் வீட்டுக்காரரின் கண்ணாடி காதோரம் உறுத்துவதைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே வாங்கி வளைத்துச் சரிசெய்து கொடுத்தான். சாப்பிட உட்கார்ந்தபோது மகன் சொன்னான்.

"அம்மா, இவர் ஃப்ரெண்டு மட்டும் இல்ல. நான் இவரோடதான் இருக்கேன். கடைசிவரைக்கும் இவரோடதான் இருக்கப் போறேன். உன்கிட்ட மறைக்கப் பிடிக்கல."

வீட்டுக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மைக் அக்கா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். "சாப்பிடுங்க, ஆறிடப் போகுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை, அழவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அதன் பிறகு வாராவாரம் தொலைபேசியில் "சாப்பிட்டியா? தூங்கினியா?" என்று கேட்பாள். கூட இருப்பவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மகனும் முதலில் காத்திருந்தான், பிறகு விட்டுவிட்டான். தான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்றுதான் அவள் நினைத்தாள். வாயைத் திறந்தால்தானே தப்பு வரும்?

அவளுக்கு ஆண்டவன்மேல் அசைக்க முடியாத பக்தி. தெருமுனைப் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போகாமல் அவளுக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. மகன் விஷயத்தை ஆண்டவனிடம் எடுத்துப் போனாளா என்றால், போனாள். கண்ணை மூடி நிற்பாள், பேச்சு வராது. அங்கேயும் மௌனம்தான். கூடத்தின் செயலாளர் நல்ல மனிதர். அவள் காய்ச்சலில் கிடந்தபோது தினமும் வந்து கட்டிலருகே உட்கார்ந்து பிரார்த்தித்தவர். போன வருஷம் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, "ஸ்டேஷன்ல செஞ்சீங்களே, அந்த மாதிரி நம்ம கூடத்துக்கும் வார்த்தையெல்லாம் பேசிக் குடுங்கக்கா. ஆண்டவன் காரியம்" என்றார்.

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூடத்தின் பின்னறையில் ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டு ஒரு மாதம் பேசினாள். கணினித் திரையில் வார்த்தை வரும், சொல்வாள். ஆண்டவன், கருணை, அன்பு, பிள்ளைகள், குடும்பம், ஆண்கள், பெண்கள், சட்டம், பாவம், வேண்டும், அல்ல. ஒவ்வொன்றும் மூன்று விதமாக.

வேறு யாராவது இருந்தால், ஒரு பாடகியோ கதை சொல்கிறவளோ, 'இது எதுக்கு, எங்கே வரும்?' என்று கேட்டிருப்பாள். அவள் தொழிலில் அப்படிக் கேட்கிற வழக்கமே இல்லை. வார்த்தை எந்த வண்டியில் ஏறிப் போகிறது என்பது அறிவிப்பாளரின் கவலை அல்ல. தையல் தெரியாமல் இருக்க வேண்டும், அதுதான் கவலை. 'பாவம்' என்ற வார்த்தைக்கு முடிவு சரியாக இறங்கவில்லை என்று அவளே கேட்டு மறுபடி பதிவு செய்தாள். பாவி, அதையும் அவளேதான் கேட்டுச் செய்தாள்.

இந்த வருஷம் சட்ட மசோதா ஒன்று வந்தது. இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ குடும்பமாகப் பதிவு செய்துகொள்ளலாமா கூடாதா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பு. ஆண்டவன் பெயரைச் சொல்லாத கட்சியே இல்லை. ஆண்டவன் எல்லாரையும் படைத்தான் என்றது ஒரு கட்சி. ஆண்டவன் இதை மட்டும் ஏற்கமாட்டான் என்றது இன்னொன்று. ஆண்டவனை யாரும் கேட்கவில்லை. மைக் அக்கா வழக்கம்போல வாய் திறக்கவில்லை. தொலைக்காட்சியில் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்ப்பாள், தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பாள்.

ஒரு நாள் காலை மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தன் குரல் கேட்டது. அதில் அதிசயம் என்ன, தினமும் கேட்பதுதான். கையிலிருந்த புடவையை உதறினாள். அப்புறம்தான் குரல் நிலையத்தின் பக்கமிருந்து வரவில்லை என்பது உறைத்தது. அது எதிர்த்திசையில் இருந்து வந்தது. நகர்ந்தும் வந்தது.

"இரண்டு ஆண்கள் ஒரு குடும்பம் அல்ல. ஆண்டவன் அதை ஏற்பதில்லை. உங்கள் பிள்ளைகளைப் பாவத்திலிருந்து காப்பாற்றுங்கள்."

கூரையில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று தெருவில் ஊர்ந்து வந்தது. உள்ளே ஓட்டுநர் மட்டும்தான். அவன் கொட்டாவி விட்டபடி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே அவள் பேசிக்கொண்டிருந்தாள். கோபமில்லை, வெறுப்பில்லை. வண்டி அரை மணி தாமதம் என்று சொல்வது போல அவ்வளவு அமைதியாக, அவ்வளவு நம்பும்படியாகப் பேசியது அந்தக் குரல். ஈரப் புடவையை நெஞ்சோடு பிடித்தபடி அப்படியே நின்றாள்.

பக்கத்து மாடியில் இருந்தவள் கையைத் தட்டினாள். "அக்கா, கணீர்னு சொல்லிட்டீங்க! இத்தனை நாளா நீங்க இதுல எந்தப் பக்கம்னே தெரியாம இருந்துச்சு."

"நான் சொல்லலம்மா."

"அட போங்கக்கா, உங்க குரல் எங்களுக்குத் தெரியாதா?"

கீழே இறங்கி வந்தாள். வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எப்பப் போய்ப் பேசின? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ஏங்க, நீங்களுமா? நான் பேசலைங்க."

"சரி, பேசல" என்றார் அவர். குழந்தையிடம் சொல்வது போல இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்த மனுஷர், அவள் முகத்தைவிட அந்தக் குரலைத்தான் நம்பினார்.

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒருவேளை சொல்லித்தான் இருக்கிறோமா? வயதாகிறதே, மறந்துவிட்டோமா? மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு ஆண்கள் ஒரு குடும்பம் அல்ல. தொண்டை கொஞ்சமும் தடுக்கவில்லை. முதல் எழும்பியது, நடு ஓடியது, முடிவு இறங்கி நின்றது. வண்டியில் கேட்டதற்கும் இதற்கும் இம்மியும் வித்தியாசம் இல்லை. கண்ணாடியில் தன் உதடுகளைப் பார்த்தாள். தனக்கே தன்மேல் பயம் வருவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

நேரே கூடத்துக்குப் போனாள். செயலாளர் எழுந்து நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். அவள் கேட்டதும் அவர் மறைக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை.

"ஆமாக்கா, கட்சிக்காரங்க கேட்டாங்க, குடுத்தோம். நல்ல காரியந்தானே?"

"நான் இதைச் சொல்லலையேய்யா."

"எல்லா வார்த்தையும் நீங்க சொன்னதுதான். வெளிலேர்ந்து ஒரு வார்த்தைகூட நாங்க சேக்கல. கோத்தது மட்டும்தான் நாங்க."

"என் மனசுல இல்லாததை எப்படிய்யா கோப்பீங்க?"

அவர் குரல் இன்னும் தணிந்தது. உண்மையான அன்போடுதான் பேசினார். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

"உங்க பையன் விஷயம் எங்களுக்குத் தெரியாதாக்கா? நாலு வருஷமா நீங்க படற பாட்டைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம். ஒரு நாளாவது அது சரின்னு சொல்லியிருக்கீங்களா? சொல்லலையே. உங்களால வாய்விட்டுச் சொல்ல முடியாததை ஆண்டவன் உங்க குரலாலயே சொல்ல வெச்சிருக்கான்." பிறகு சாதாரணமாகச் சேர்த்துக்கொண்டார். "நாளையிலேர்ந்து எல்லார் போனுக்கும் வரும். கேக்கறீங்களா?"

ஒரு பொத்தானை அழுத்தினார். "மகனே, அம்மா பேசுகிறேன். ஒரு நிமிடம் கவனிக்கவும்" என்றது அவள் குரல்.

மகனே என்று அவள் எப்போது பதிவு செய்தாள்? ஞாபகமில்லை. திரையில் வந்திருக்கும், சொல்லியிருப்பாள்.

"நிறுத்துங்கய்யா. இதை நிறுத்தச் சொல்லுங்க."

"நாடு பூரா போயிடுச்சுக்கா. இனிமே அது உங்க கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல" என்றார் செயலாளர். பொய் சொல்லவில்லை அவர்.

வீட்டுக்கு வந்து மகனுக்குப் போன் செய்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. அன்று முழுக்க எடுக்கவில்லை, மறுநாளும் எடுக்கவில்லை. அதற்குள் அந்தக் குரல் அவன் போனுக்குப் போயிருக்கும். மூன்றாம் நாள் காய்கறிக் கடைக்காரரின் போனை வாங்கி முயன்றாள். உடனே எடுத்துவிட்டான்.

"ஹலோ?"

ரயில் நிலையத்தில் கூட்டம் நெரியும்போது அவளுக்குப் பதற்றம் வந்தால், பதற்றத்தை மறைக்க ஒரே வழி அந்தக் குரல்தான். இத்தனை வருஷப் பழக்கம். பதறப் பதற நாக்கு தானாகவே திருந்திவிடும். இப்போதும் அப்படியே ஆயிற்று. "மகனே, அம்மா பேசுகிறேன்" என்று வந்துவிட்டது. ஐயோ, இது இல்லை என்று நினைத்து அவள் மாற்றுவதற்குள் "ஒரு நிமிடம்" என்பதும் வந்துவிட்டது.

போன் துண்டிக்கப்பட்டது.

"என்னக்கா, வெச்சிட்டானா?" என்றார் கடைக்காரர். "நானும் ரெண்டு தரம் வெச்சிட்டேன். விடாம வருதே." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்து அசடு வழிந்தார்.

அன்றே கிளம்பினாள். வீட்டுக்காரர், "நானும் வரட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாங்க, இது நான் பேச வேண்டியது" என்றாள். நிலையத்தில் எந்தப் பிளாட்பாரம் என்று அவளுக்கு அவளே அறிவித்தாள். ரயிலில் மூன்று மணி நேரமும் ஒரே வாக்கியத்தை மனசுக்குள் உருட்டினாள். அது நான் சொன்னதில்லை கண்ணா. என் குரல்தான், நான் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் போனை எடுத்துக் காதில் வைத்தார், முகம் சுளித்தார், துண்டித்தார். எதிர் இருக்கைப் பெண்ணும் எடுத்தாள், கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு "சரியாத்தான் சொல்றாங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். மைக் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பயணச்சீட்டுப் பரிசோதகர் கேட்டபோதுகூடப் பேசவில்லை, சீட்டை மட்டும் நீட்டினாள். பேசினால் பெட்டியே திரும்பிவிடுமோ என்று பயம்.

தலைநகரத்தின் தெருக்களிலும் அவளே இருந்தாள். நாற்சந்தியில் ஒருத்தி, பாலத்தடியில் ஒருத்தி. ஒரு வண்டி 'ஆண்டவன்' என்று ஆரம்பிக்கும்போது தூரத்தில் இன்னொன்று 'காப்பாற்றுங்கள்' என்று முடித்துக்கொண்டிருந்தது. விலாசத்தைக் காட்டிக் காட்டி வழி விசாரித்தாள்.

மாடிப்படி ஏறிக் கதவின் முன் நின்றாள். கீழே தெருமுனையில் ஒரு வண்டி திரும்புவது கேட்டது. "கண்ணா, அம்மா வந்திருக்கேன், கதவைத் தொற" என்றாள்.

உள்ளே மகனின் குரல் சலிப்போடு சொன்னது. "ஜன்னலைச் சாத்துங்க. வண்டி கிட்ட வந்துடுச்சு."

ஜன்னல் சாத்தப்படும் ஓசை கேட்டது. பெற்ற பிள்ளை, அவள் வாசலில் நிற்கும்போது, அவள் குரல் கேட்கக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தச் சொல்கிறான். அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. அழவில்லை. கதவை உள்ளங்கையால் அடித்தாள், விடாமல் அடித்தாள்.

கண்ணாடிக்கடைக்காரன்தான் திறந்தான். நாலு வருஷத்தில் இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் "அம்மா" என்றான், உள்ளே வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தான், நிறுத்திக்கொண்டான். மகன் அவன் பின்னால் வந்து நின்றான்.

"கண்ணா, அந்த வண்டியில வர்றது..."

"நீ இல்லன்னு தெரியும்மா" என்றான் மகன்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா?"

"கேட்ட அன்னிக்கே தெரியும். நீ அப்படிப் பேசற ஆள் இல்ல. கடைசியா போன்ல வந்தியே, அது நிஜமா நீதான்னும் தெரியும். தெரிஞ்சுதான் வெச்சேன்."

"ஏன்டா?"

"'நான் சொல்லல'ன்னு சொல்லப் போற. அதைக் கேட்டு நான் என்ன செய்யறது? நீதான் எதையுமே சொன்னதில்லையே. அவங்களாவது ஒண்ணு சொல்றாங்க." அவன் கத்தவில்லை. அவளைப் போலவே அவனும் பதற்றத்தில் நிதானமாகிவிடுகிறவன். "நீ சொல்லாதது எதுன்னு எனக்குத் தெரியும்மா. நீ சொல்றது என்ன? அதைச் சொல்லு. அது இருந்தா உள்ள வா."

அவள் வாயைத் திறந்தாள். ரயிலில் உருட்டிக்கொண்டு வந்த வாக்கியத்தைத் தாண்டி அவளிடம் ஒன்றுமே இல்லை. அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது. மகனைப் பற்றி, அவன் வாழ்க்கையைப் பற்றி, அவள் மனசில் இருப்பது என்னவென்று நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. திறந்த வாய் திறந்தபடி நின்றது. வண்டி வீட்டுக்குக் கீழே வந்திருந்தது.

"இரண்டு ஆண்கள் ஒரு குடும்பம் அல்ல" என்றது அவள் குரல்.

உதடுகள் அவளுடையவை, திறந்திருந்தன. குரல் அவளுடையது, கேட்டது. மகன் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பேசுவது அவள் இல்லை என்று கண்ணால் கண்டுகொண்டே இருந்தும் கண்ணாடிக்கடைக்காரன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். அவன் கை மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டது. தன் வீட்டு வாசலிலேயே, அவளைப் பார்த்து, ஒரு வயதான பொம்பளையைப் பார்த்து, அந்தப் பிள்ளை பயப்படுகிறான்.

அதைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. அவமானம் பிடுங்கித் தின்றது. அதோடு சேர்ந்து, இத்தனை நாள் எங்கே கிடந்ததென்றே தெரியாத ஒன்று தொண்டைக்கு ஏறி வந்தது.

"நீங்க ரெண்டு பேருமே என் புள்ளைங்கதான்" என்றாள். "நீங்க சேந்து இருக்கறது எனக்குச் சந்தோஷம். எனக்கு இதுல ஒரு குறையும் இல்ல."

கீழே சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. ஒலிபெருக்கி நேராக இந்த மாடியைப் பார்த்தபடி இருந்தது. ஆண்டவன், சட்டம், பாவம். அவள் குரல் அவள் குரலை மூடியது. மகன் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தான். எது அவளுடையது, எது கீழேயிருந்து வருவது என்று பிரித்தெடுக்க முடியாமல் அவன் நெற்றி சுருங்கியது.

"கேக்கலம்மா. இன்னொரு தரம் சொல்லு."

அவள் சொன்னாள். தொண்டை நரம்பு புடைக்கச் சொன்னாள். கீழே இருந்த குரல் கொஞ்சமும் உயரவில்லை. அமைதியாக, தெளிவாக, அதுதான் கேட்டது. கண்ணாடிக்கடைக்காரன் மகனின் சட்டையை விட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"அம்மா, எனக்கும் கேக்கல" என்றான்.

வண்டி நகரவில்லை. அவள் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.